அதிரும் பாலமும் கணிக்கப்படும் இரைச்சலும்

தெம்பனிஸ் வட்டாரத்தில் கிழக்கு மேற்குத் தடம் மேம்பாலத்தின் மீது செல்கிறது. 1989ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கிவரும் பெருவிரைவு ரயில்களின் ஓசையைக் கேட்டே வளர்ந்த மாணவர்கள் நம்மிடையே பலர் இருக்கக்கூடும். அவ்வோசை எங்கிருந்து பிறக்கிறது? அதனைக் கணினி முன்கூட்டியே எவ்வாறு கணிக்கிறது? அக்கணிப்பை எந்த அளவுக்கு நம்பலாம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

இசைக்கவை ஒன்றைத் தட்டிக் கையில் பிடித்தால் ஒலி மெல்லியதாகவே கேட்கும். அதன் காம்பை மேசைமீது ஊன்றினால் ஒலி உரத்து எழும். கவையின் அதிர்வு கூடிவிடவில்லை. மேசையின் அகன்ற பரப்பு மிகுதியான காற்றை அசைக்கிறது. ரயில் பாலத்திலும் இதுவே நிகழ்கிறது. சக்கரத்திலும் தண்டவாளத்திலும் உள்ள கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்கள் அதிர்வைத் தோற்றுவிக்கின்றன. உயர்ந்த அதிர்வெண்களில் சக்கரமும் தண்டவாளமும் ஒலிக்கின்றன. ஏறத்தாழ 200 ஹெர்ட்சுக்குக் கீழே கான்கிரீட் பாலமே மேசைப்பலகையாகி உறுமுகிறது. பேச்சொலியியலில் குரல்வளையின் அதிர்வையும் வாயறையின் பங்கையும் பிரித்தறிவதைப் போல, இங்கும் அதிர்வின் மூலத்தையும் அதனை ஒலியாக்கும் பரப்பையும் பிரித்தறிதல் வேண்டும்.

கணினிக் கணிப்பும் இவ்விரு படிகளையே பின்பற்றுகிறது. முதற்படியில் பாலத்தின் வடிவத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு விரைவாக அசைகிறது எனக் கணக்கிடுவர். இது முடிவுறு கூறு முறை எனப்படும். இரண்டாம் படியில், அசையும் மேற்பரப்பு சூழ்ந்துள்ள காற்றில் எழுப்பும் அழுத்த மாற்றத்தை எல்லைக் கூறு முறையால் கணிப்பர். ஓர் அலைநீளத்துக்கு ஆறு துண்டுகளேனும் வேண்டும் என்பது நடைமுறை விதி. காற்றில் 100 ஹெர்ட்சு ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 1,000 ஹெர்ட்சில் அது 34 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. எனவே அதிர்வெண் உயர உயரத் துண்டுகளின் எண்ணிக்கையும் கணக்கின் சுமையும் பெருகுகின்றன.

இரண்டாம் படி ஏன் தேவை? மிகுதியாக அதிர்வதெல்லாம் மிகுதியாக ஒலிப்பதில்லை. பரப்பின் ஒரு பகுதி முன்னே தள்ளும்போது அடுத்த பகுதி பின்னே இழுத்தால், காற்று இரண்டுக்கும் இடையே நகர்ந்து அடங்கிவிடும். ஒலி தொலைவுக்குச் செல்லாது.

இனி, கணித்த எண்ணின் பொருளைக் காண்போம். ரயில் இரைச்சலுக்குச் சிங்கப்பூரில் வழிகாட்டு வரம்பாகக் கொள்ளப்படுவது, ஒரு மணி நேரச் சராசரியாக 67 டெசிபல். ஒரு மணி நேரத்தில் 40 ரயில்கள், ஒவ்வொன்றும் 10 விநாடி, 76 டெசிபல் அளவில் கடப்பதாகவும் இடையில் அமைதி நிலவுவதாகவும் கொள்வோம். மொத்தம் 400 விநாடி. அதாவது மணியில் ஒன்பதில் ஒரு பங்கு. டெசிபல் மடக்கை அளவாதலால் சராசரி 9.5 குறைந்து 66.5 ஆகிறது. வரம்பு மீறப்படவில்லை, ஆயினும் சன்னலோரம் படிக்கும் மாணவர் கேட்பது 76 டெசிபலே. மேலும், செவியின் உணர்திறனுக்கேற்பத் திருத்தும் அளவீட்டில் 100 ஹெர்ட்சு ஒலி 19 டெசிபல் குறைத்தே எண்ணப்படுகிறது. பாலத்தின் உறுமல் அவ்வெண்ணில் பெரிதும் தெரிவதில்லை.

தீர்வுகளும் இதற்கேற்பவே வேறுபடுகின்றன. தடத்தையொட்டி எழுப்பும் இரைச்சல் தடுப்புச் சுவர் சக்கரத்தின் ஒலியை மறைக்கும். பாலத்தின் அடிப்பரப்பு எழுப்பும் ஒலியை மறைக்காது. அதற்குத் தண்டவாளத்தின் அடியில் நெகிழ்வான மெத்தைகளை இடுதல் வேண்டும். தண்டவாளத்தைச் சாணையிட்டு மழமழப்பாக்கினால் இரு வகை ஒலியும் குறையும்.

இத்தகைய கணிப்பைத் தமிழில் 'உருவகப்படுத்தல்' என வழங்குகிறோம். இச்சொல் ஓர் எச்சரிக்கையையும் தாங்கியுள்ளது. உவமையில் 'போல' என்பது நிற்கும். உருவகத்தில் அது மறைந்து, இரண்டும் ஒன்றெனத் தோன்றும். கணினித் திரையில் வண்ணமாக விரியும் பாலமும் உண்மைப் பாலத்தைப் போன்றதே; அதுவே அன்று. இணைப்புகள் அதிர்வை எவ்வளவு தணிக்கும், தண்டவாளம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பவற்றை அங்கேயே அளந்து சரிபார்த்தல் வேண்டும். மறைந்த 'போல' என்னும் சொல்லை மீண்டும் இட்டுப் படிக்கும் பழக்கத்தை, இலக்கணம் கற்பிக்கும் வகுப்பிலேயே மாணவர்க்கு ஊட்டலாம்.