பாதம் தேடும் மண்

பல்லடத்தைச் சுற்றியுள்ள தோட்டத்துச் சாளைகளில் நாய் இல்லாத காலமே இருந்ததில்லை. வாசலில் படுக்கும், பட்டிக்குக் காவல் இருக்கும், வரப்போரம் ஒதுங்கிவிட்டு வரும். எங்கே ஒதுங்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இப்போது தறி குடோன் பக்கம் திரியும் குட்டிகளை, சைட் வாங்கிக் கட்டிய டைல்ஸ் வீடுகளுக்குப் பிரியத்தோடு தூக்கி வருகிறார்கள். மறுநாளே ஹாலில் ஈரம். “வெளிய அரை மணி நேரம் சும்மா நிக்குதுங்க, உள்ள வந்ததும் போயிருதுங்க” என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். அந்தப் புலம்பலுக்குள்ளேயே விடையும் இருக்கிறது.

பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் அதன் அடிவயிற்றை நக்கித் தூண்டினால்தான் வரும். வந்ததையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். மூன்று வாரம் ஆனதும், கால் இன்னும் நேராக நிற்காத அந்தக் குட்டி படுக்கையிலிருந்து தள்ளாடி எழுந்து, நாலடி நகர்ந்துபோய்ச் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பி வரும். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளைக் கவனித்து, 1965-இல் நூலாக வெளியிட்டார்கள். எட்டு ஒன்பது வாரத்தில் குட்டிகள் இதற்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வதை அவர்கள் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய அந்த வயதில்தான் பாதமும் பழகுகிறது. மண்ணில் வளர்ந்தது மண்ணைத் தேடும், சிமெண்டில் வளர்ந்தது சிமெண்டைத் தேடும்.

அதனால், தெருக்குட்டிக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். சிரமம் கூண்டில் வளர்ந்த குட்டிக்குத்தான். விலகிப் போக இடமில்லாமல், படுக்கும் இடத்திலேயே கழித்துப் பழகியதில் அந்தப் பிறவிச் சுத்தம் மழுங்கிவிடுகிறது. கடையில் வாங்கிய குட்டிகள் வளர்ந்த பிறகும் வீட்டுக்குள் அசுத்தம் செய்வது அதிகம் என்று 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் காட்டியது.

பாதிப் பாடம் படித்த நாய் ஏன் ஹாலில் போகிறது? கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் கோழி லாரிகள் இரைந்துகொண்டு போகும்போது, கழுத்தில் புதிதாகக் கயிறு மாட்டிய நாயின் உடம்பு முழுக்க எச்சரிக்கையில் இருக்கும். அந்த நேரத்தில் பரிவு நரம்புகள் சிறுநீர்ப்பையின் சுவரைத் தளர்த்தி, அதன் வாயை இறுக்கி மூடிவிடும். நாய் நினைத்தாலும் சிறுநீர் வராது. வீட்டுக்குள் வந்து பயம் தணிந்ததும் பூட்டு தானாகத் திறந்துகொள்கிறது. அது அடம் பிடிப்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். இன்னொன்று, வீடு முழுவதும் தன் படுக்கை என்று அதற்கு இன்னும் தெரியாது. தன் சாக்கு விரித்த மூலைதான் அதற்கு வீடு, கடைசி அறை வெளியூர்.

ஆகவே சந்தடி இல்லாத, மண் தரையுள்ள ஒரே இடத்துக்குத் தினமும் கூட்டிப்போக வேண்டும். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கால் மணியிலிருந்து அரை மணிக்குள்ளும் போவது நல்லது. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், அதனால் அந்த நேரம் பெரும்பாலும் தப்பாது. தரையை மோந்துகொண்டே வட்டமிட ஆரம்பித்தால், பேசாமல் நில்லுங்கள். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள், யானை உட்பட, ஏறத்தாழ 21 விநாடியில் சிறுநீர்ப்பையைக் காலி செய்கின்றன என்று பாட்ரிசியா யாங் குழு 2014-இல் கண்டறிந்தது. அந்த 21 விநாடி பொறுத்திருந்து, முடித்த அதே கணத்தில் ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்கான பரிசு என்றே அது எடுத்துக்கொள்ளும்.

உள்ளே நேர்ந்துவிட்டால் பினாயில் போதாது. டைல்ஸின் மேல்பரப்பு பளிச்சென்றாகிவிடும், ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் உள்ள சிமெண்டுக் கோட்டில் சிறுநீர் ஊறிக் கிடக்கும். நம் மூக்கில் வாசனை ஏற்பிகள் ஐம்பது லட்சம் போல, நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். பினாயில் வாசனை நம்மை ஏமாற்றலாம், அதை ஏமாற்றாது. சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவத்தை ஊற்றி, அந்தக் கோடுகளில் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். அமோனியா கலந்த திரவம் வேண்டாம், சிறுநீரிலும் அதே வாடைதான்.

தயவுசெய்து அடிக்காதீர்கள். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்காதீர்கள். “தப்பு பண்ணுனது அதுக்கே தெரியும், மூஞ்சியப் பாருங்க” என்பார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் பதினான்கு நாய்களைச் சோதித்தார். அந்தக் குற்றமுகம் தப்பு செய்ததால் வரவில்லை, திட்டு வாங்கியதால் வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் இன்னும் அதிகமாகக் கூனிக் குறுகின. அடி வாங்கிய நாய், மனிதர் முன்னால் இருப்பது ஆபத்து என்று மட்டும் கற்றுக்கொண்டு, கட்டிலுக்கடியில் போய் ஒதுங்கும்.

சில நாய்கள் நாம் குனிந்து தொடும்போதே மல்லாந்து சொட்டுவிடும். அது பணிவின் அடையாளம், குட்டிப் பருவத்தின் மிச்சம். கண்டுகொள்ளாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து பேசினால் நாளடைவில் நின்றுவிடும். நன்றாகப் பழகிய நாய் திடீரென வீட்டுக்குள் போக ஆரம்பித்தால் பயிற்சியில் குறை தேட வேண்டாம், சிறுநீர்த் தொற்றோ சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். கருத்தடை செய்த பெண் நாய் தூக்கத்தில் தன்னையறியாமல் நனைத்தால், பெரும்பாலும் ஹார்மோன் குறைந்து சுருக்குத்தசை தளர்ந்திருக்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டினால் அதற்கு மாத்திரையே உண்டு.