ஆளுக்கு ரெண்டு கம்பி – அம்மாவுக்கும் சேர்த்து!



அச்சங்குளம் பகுதிக் குழுக் கூட்டங்களில் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஞாயித்துக்கிழமை கோழி எடுத்தீங்களே, உங்க பங்குக்கு எத்தனை துண்டு வந்துச்சு?" கேட்டதும் சிரிப்புதான் வரும். "நமக்கு எங்க மேடம் துண்டு? அவருக்கும் பிள்ளைகளுக்கும் வச்சது போக சட்டியில ஒட்டுன குழம்புதான்!"

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. கறி மட்டும் இதற்கு மருந்தாகாது. கீரை, பயறு, சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் வேண்டும். ஆனால் கறியோடு சேர்த்துச் சாப்பிடும்போது கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

அதனால்தான் இம்மாதம் கம்பியில் சுட்ட கோழியும் காய்கறியும் பற்றிச் சொல்கிறோம். எண்ணெய் குறைவு, வயிற்றுக்கும் லேசு. முக்கியமாக, கம்பியை எண்ணிப் பங்கு வைக்கலாம். நம் பங்கு குழம்பில் கரைந்து போகாது! இது ஒன்றும் புதுச் சமையலும் அல்ல. இரும்புக் கம்பியில் சுட்ட இறைச்சியைப் பற்றிச் சங்க நூலான பொருநராற்றுப்படையே சொல்கிறது.

தேவையானவை (4 பேருக்கு)

எலும்பில்லாத கோழிக்கறி அரை கிலோ, கெட்டித் தயிர் 4 கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 கரண்டி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகுத்தூள் தலா 1 சிறுகரண்டி, மஞ்சள்தூள், உப்பு, கடலெண்ணெய் 2 சிறுகரண்டி, எலுமிச்சம்பழம் 1. காய்க்கு சின்ன வெங்காயம், குடைமிளகாய், கெட்டித் தக்காளி, பிஞ்சுக் கத்தரிக்காய்.

செய்முறை

கறியை ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, எலுமிச்சை தவிர மற்றவற்றைச் சேர்த்துப் பிசறுங்கள். தயிரின் புளிப்பு கறியை மிருதுவாக்கும். பிரிட்ஜ் இருந்தால் 2 மணி நேரம் உள்ளே வையுங்கள். இல்லையென்றால் அரை மணி நேரம் போதும். நம்ம ஊர் வெயிலில் அதற்கு மேல் வெளியே வைத்தால் கறி கெட்டுவிடும்.

கறியை 8 கம்பியிலும், உப்பும் எண்ணெயும் தடவிய காயைத் தனியாக 4 கம்பியிலும் குத்துங்கள். இரண்டும் வேகிற நேரம் வேறு. மூங்கில் குச்சி என்றால் முதலில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள்.

முற்றத்தில் இரண்டு வரிசை செங்கல் வைத்து நடுவில் சிரட்டைக் கரியோ கருவேலங்கரியோ மூட்டுங்கள். தழல் அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்ததும் கம்பிகளைச் செங்கல் மேல் அடுக்கித் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகும். பெரிய துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பு தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். கருகிய பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு, எலுமிச்சை பிழிந்து கேப்பை ரொட்டியோடு சாப்பிடலாம். சாப்பிட்டதும் டீ குடிக்காதீர்கள். அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

ஆளுக்கு இரண்டு கம்பியில் சுமார் 25 கிராம் புரதம் கிடைக்கும். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான 46 கிராமில் இது பாதிக்கு மேல்!

நெருப்பு விஷயத்தில் கவனம்

2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். நெருப்பைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அடுப்பு மூட்டுமுன் இவற்றை நினைவில் வையுங்கள்:

* ஆலையிலிருந்து வந்த சேலையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள். மருந்துத் தூள் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டியிருக்கும். குளித்து, துணி மாற்றி, நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கறியைத் தொடுங்கள்.
* கம்பி மத்தாப்புக்கு வரும் கம்பி, நாகம் பூசிய கட்டுக்கம்பி இரண்டும் வேண்டாம். எவர்சில்வர் கம்பியே நல்லது.
* ஆலைக் காகிதம், சாக்கு, மண்ணெண்ணெய் வைத்து மூட்டாதீர்கள். தேங்காய் நாரும் சுள்ளியும் போதும்.
* மூடிய அறைக்குள் கரி மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.
* பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் மணலும் இருக்கட்டும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள், பேஸ்ட் தடவாதீர்கள். பெரிய காயம் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

சகோதரிகளே, பரிமாறும்போது உங்கள் இரண்டு கம்பியை முதலில் எடுத்து வையுங்கள். "அம்மாவுக்கு எங்க?" என்று பிள்ளைகள் கேட்கப் பழகட்டும். அடுத்த கூட்டத்தில் அதே கேள்வியை நாங்கள் மறுபடியும் கேட்போம். இந்த முறை "ரெண்டு கம்பி மேடம்!" என்று பதில் வரட்டும்.