மார்பகச் சத்திரசிகிச்சையும் நீங்காத நோவும்

நோய் அகன்றபின் நோவும் அகலும் என்பது உலகோர் துணிபு. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற பெண்கள் பலரிடத்து இத்துணிபு பொய்த்துவிடுகின்றது. கட்டி நீங்கிக் காயம் ஆறிய பின்னரும் மார்பிலும் அக்குளிலும் மேற்கையின் உட்புறத்திலும் எரிவும் குத்தலும் மாதக்கணக்காக, சிலர்க்கு ஆண்டுக்கணக்காக, நிலைபெறுகின்றன.

இதற்குக் காரணம் யாது? விலா எலும்புகளின் இடையே தோன்றி, அக்குளைக் குறுக்கே கடந்து, மேற்கையின் உட்புறத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பொன்று உண்டு. நோய் பரவியுள்ளதோவென ஆராய்தற்கு அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றுங்கால் இந்நரம்பு அறுபடுதலும் இழுபடுதலும் நேரும். புண்பட்ட நரம்பு வாளாவிருப்பதில்லை. சட்டை உரசினும் நெருப்புப் பட்டதெனச் செய்தி அனுப்பும். தொட்டால் உணர்ச்சியற்ற இடமே எரிவதும் உண்டு.

இத்துன்பம் அரிதானதன்று. டென்மார்க்கு நாட்டில் சத்திரசிகிச்சை பெற்ற பெண்களை ஈராண்டளவிற்குப்பின் வினவி 2009இல் வெளியிட்ட ஆய்வில், விடையளித்த 3,253 பேருள் 47 சதவீதத்தினர் நோவுண்டு என்றனர். இளவயதினர்க்கும் அக்குட் கணுக்கள் பெரிதும் அகற்றப்பெற்றோர்க்கும் அது மிகுதியாக இருந்தது.

அங்கு எண்ணாகத் தோன்றுவது, வவுனியாவின் மேற்கேயுள்ள செட்டிகுளம் போன்ற வேளாண்மைப் பகுதியில் வேலையின் தடையாகத் தோன்றும். கிணற்றில் வாளியை இழுத்தல், நாற்று நடுதல், கொடியில் துணி போடுதல், மகளின் தலையைப் பின்னிவிடுதல் ஆகிய யாவும் கையை உயர்த்தியோ முன்நீட்டியோ செய்வனவே. அப்பக்கமாகச் சரிந்து உறங்குதலும் இயலாது. "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் என்ன?" என்னும் வீட்டார் வினாவுக்கு அவளிடம் விடையில்லை, புறத்தே காட்டுதற்குப் புண்ணுமில்லை. நோய் மீண்டதோ என்னும் அச்சம் வேறு. மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ மீண்டும் நெடும்பயணம் செல்லவேண்டுமே எனவெண்ணி வாய் மூடியிருப்பாள்.

நோவுக்கு அஞ்சிக் கையை அசைக்காது வைத்திருத்தல் தீங்கேயாம். தோள் இறுகும், நோவும் பெருகும். வைத்தியர் அனுமதித்த நாள்முதல் சிறிது சிறிதாகக் கையை உயர்த்திப் பழகுதல் வேண்டும். நரம்பு நோவுக்கு வழக்கமான குளிகைகள் பெரும்பாலும் போதா. அமிற்றிப்ரிலின் முதலிய மருந்துகளைச் சிறு அளவில் கொடுப்பர். அது மனச்சோர்வுக்கென வந்த மருந்தாதலின், தன்னை மனநோயாளி எனக் கருதிவிட்டனர் என்று மயங்கி அதனைக் கைவிடுவோரும் உண்டு. அதே மருந்து நரம்பின் செய்தியையும் தணிக்கும் என்பதை முதலிலேயே விளக்கிவிடின் இம்மயக்கம் எழாது.

புதிய கட்டியோ, கைவீக்கமோ, நாளுக்கு நாள் மிகும் நோவோ தோன்றின் தாமதியாது காட்டவேண்டும். அவை இல்லாதவிடத்தும் மௌனம் வேண்டுவதில்லை. "காயம் எப்படி?" என வைத்தியர் வினவினால், "ஆறிவிட்டது" என்பதுடன் நில்லாது, "வாளி இழுக்க முடியவில்லை, இரவில் உறக்கமில்லை" என்றும் கூறல் வேண்டும். நோவு இவ்வளவென்று அளந்து காட்டும் கருவி வைத்தியரிடமும் இல்லை.