எலிக்குக் கொடுத்த மருந்து, ஃபேமிலி குரூப்புக்கு வந்த கதை

"இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வரும்", "இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் போயிடும்"னு வாரத்துக்கு ரெண்டு ஃபார்வர்டாவது ஃபேமிலி குரூப்ல வருதா இல்லையா? கூடவே "விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று ஒரு வரி கண்டிப்பா இருக்கும். நாம உடனே திட்டுறது மீடியாவைத்தான். ஆனா நம்ம சாஃப்ட்வேர் வேலையில ஒரு பழக்கம் உண்டு. ஸ்க்ரீன்ல எரர் தெரியுதுன்னா, பக் அங்கேதான் இருக்குன்னு அர்த்தம் இல்லை. லாக் எடுத்து, முதன்முதலா எங்கே நுழைஞ்சதுன்னு பின்னாடி போய்ப் பார்க்கணும். இன்னைக்கு அதைத்தான் பண்ணப் போறோம்.

முதல்ல ஒரு பழைய கேஸ். 1998 பிப்ரவரி, லண்டன். ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு பிரஸ் மீட். ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 'லான்செட்' இதழில் வெளியிடும் கட்டுரை பற்றிப் பேசினார்கள். மொத்தம் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகத்தை அது கிளப்பியது. தொடர்பை நிரூபிக்கவில்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தது. ஆனா பிரஸ் மீட்டில் வேக்ஃபீல்ட், மூன்றையும் சேர்த்துப் போடாமல் தனித்தனியாகப் போடலாம் என்று சொன்னார். மறுநாள் பேப்பரில் எது நிற்கும்? பிரஸ் மீட்டில் சொன்னதுதான் நின்றது.

அடுத்த சில வருடங்கள் டிவியில் இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். ஒரு பக்கம் கிட்டத்தட்ட மொத்த மருத்துவ உலகமும், இன்னொரு பக்கம் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரும் நின்றார்கள். ஆனா நாற்காலி சமம், நேரமும் சமம். வீட்டில் பார்க்கிற அம்மா அப்பாவுக்கு "டாக்டர்களுக்குள்ளேயே பாதிக்குப் பாதி சண்டை" என்றுதானே தோன்றும்? இங்கிலாந்தில் சுமார் 92 சதவீதமாக இருந்த எம்.எம்.ஆர். விகிதம் 2003-04ல் 80 சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டித் துருவியதில் அந்த ஆய்வின் லட்சணம் வெளியே வந்தது. 2010ல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் அதே வருடம் ரத்தானது. கவனிச்சுக்கோங்க, உண்மையைத் தோண்டி எடுத்தவரும் ஒரு பத்திரிகைக்காரர்தான்.

சரி, அந்த நேரத்தில் விஷயம் தெரிந்த மற்ற விஞ்ஞானிகள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் லேபில்தான் இருந்தார்கள். "பேசினா திரிச்சுப் போடுவாங்க", "கூட வேலை பார்க்கிறவங்க விளம்பரப் பைத்தியம்னு சொல்வாங்க" என்ற பயம் ஒரு பக்கம். டெட்லைன் இன்னொரு பக்கம். நிருபருக்கு சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். விஞ்ஞானிக்கு ஒரு வாக்கியத்தை உறுதியாகச் சொல்லவே மூணு வருஷம் வேண்டும். இந்த இடைவெளியில் யார் உடனே ஃபோன் எடுக்கிறாரோ அவர் பேச்சுதான் செய்தி.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2002ல் லண்டனில் 'சயின்ஸ் மீடியா சென்டர்' தொடங்கினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே பிரபுக்கள் சபைக் குழு ஒன்று, அறிவியல் மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்துவருவதாக அறிக்கை கொடுத்திருந்தது. மாட்டு மூளை நோய், மரபணு மாற்றுப் பயிர் என்று அடுத்தடுத்து வந்த சர்ச்சைகள் பின்னணி. சென்டரை முதலில் நடத்தியவர் ஃபியோனா ஃபாக்ஸ். இவர் விஞ்ஞானி கிடையாது, மீடியா ஆள்.

வேலை எளிமையானது. பெரிய செய்தி உடைந்தவுடன், அந்தத் துறை தெரிந்த விஞ்ஞானிகளுக்கு மெயில் போகும். சில மணி நேரத்தில் அவர்களுடைய கருத்துகள் நிருபர்கள் கையில் இருக்கும். இன்னொன்று, எம்பார்கோ. பெரிய ஆய்விதழ்கள் "இந்தத் தேதி, இந்த நேரம் வரை வெளியிடாதே" என்ற நிபந்தனையோடு கட்டுரையை முன்கூட்டியே நிருபர்களுக்குக் கொடுக்கும். அந்த இடைவேளையில் ஆய்வில் சம்பந்தப்படாத வேறு விஞ்ஞானிகளிடம் "இது எவ்வளவு உறுதி, ஓட்டை எங்கே?" என்று கேட்டு வாங்கி வைத்துவிடுவார்கள். நம்ம பாஷையில் சொன்னால், ரிலீஸுக்கு முன்னாடி ஒரு கோட் ரிவ்யூ.

இதற்கும் விமர்சனம் உண்டு. சென்டருக்குப் பணம் கொடுப்பவர்களில் கம்பெனிகளும் இருக்கிறார்கள். நிருபர் சீட்டை விட்டு எழாமலேயே மேற்கோள் கிடைத்தால், அவர் சொந்தமாகத் தேடுவது குறையும் என்பது இன்னொரு வாதம். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய கவலை. பிரையன் டீர் செய்த வேலையை எந்த மெயில் லிஸ்ட்டும் செய்யாது.

இப்போ பக் எங்கே நுழைந்தது என்ற கேள்விக்கு வருவோம். 2014ல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் பி.எம்.ஜே. இதழில் ஒரு ஆய்வு வந்தது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 பிரஸ் ரிலீஸ்களை எடுத்து, மூலக் கட்டுரையோடும் செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். கிட்டத்தட்ட 40 சதவீத ரிலீஸ்களில், கட்டுரையில் இருப்பதை விட ஊதிப்பெருக்கின அறிவுரை இருந்தது. எலி போன்ற விலங்குகளில் செய்த ஆய்வை மனிதருக்கு நீட்டிய ரிலீஸ்கள் 36 சதவீதம். ரிலீஸில் அப்படி நீட்டியிருந்தால், செய்திகளிலும் 86 சதவீதம் அதே மாதிரி. ரிலீஸ் ஒழுங்காக இருந்தால்? வெறும் 10 சதவீதம். இது ஒரு தொடர்புதான், காரணம் இதுதான் என்று இந்த ஆய்வு மட்டும் நிரூபிக்காது. (இந்த எபிசோட்ல நான் அதைச் சொல்லலைன்னா நல்லாவா இருக்கும்?) ஆனாலும் கை எங்கே நீள்கிறது என்று தெரிகிறது. ரிலீஸ் என்பது பல்கலைக்கழகமே எழுதுவது. வழக்கமாக விஞ்ஞானி படித்துப் பார்த்து சரி சொன்ன பிறகே வெளியே போகும். இன்னொன்று, ஊதினதால் கூடுதல் கவரேஜ் கிடைத்ததற்கும் பெரிய ஆதாரம் இல்லை!

ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர் 2019ல் இதற்கென்றே ஒரு ட்விட்டர் கணக்கு ஆரம்பித்தார். மருத்துவச் செய்திகளைப் பகிர்ந்து, மேலே "எலிகளில்" என்று ஒரே ஒரு வார்த்தை சேர்ப்பார். அவ்வளவுதான். பிரிட்டனில் சில ரிலீஸ்களின் தலையிலேயே இப்போது லேபிள் ஒட்டுகிறார்கள்: சக ஆய்வாளர்கள் சரிபார்த்ததா, என்ன வகை ஆய்வு, மனிதர்களிலா, விலங்குகளிலா, செல்களிலா என்று.

தமிழுக்கு வரும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. ரிலீஸ் ஆங்கிலம், ஏஜென்சி செய்தி ஆங்கிலம், டெஸ்க்கில் மொழிபெயர்ப்பு. நம்ம "லாம்" இருக்கே, அது ஒரே நேரத்தில் சாத்தியத்தையும் சொல்லும், அனுமதியையும் சொல்லும். "குணமாகலாம்" என்றால் சந்தேகம். "சாப்பிடலாம்" என்றால் பச்சைக்கொடி. தலைப்பில் இடம் இல்லாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் இந்த "லாம்"தான், "குணமாகலாம்" என்பது "குணமாகும்" ஆகிவிடும். "தொடர்பு இருக்கிறது" என்பதும் அப்படித்தான், நாலு பேர் கை மாறுவதற்குள் "காரணம்" ஆகிவிடும்.

கேட்கிறவர்களில் பி.எச்.டி. பண்றவங்க இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வு பற்றிய ரிலீஸ் டிராஃப்ட் வந்தால் மெயிலில் "ஓகே" மட்டும் போட்டு அனுப்பாதீங்க. எலியா மனிதனா என்பது முதல் வரியில் இருக்கிறதா, எத்தனை பேரை வைத்துச் செய்தது என்று இருக்கிறதா, இன்னும் தெரியாதது என்ன என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்க. தமிழில் அந்த மூன்று வரியையும் நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. வெளியாகிற அன்னைக்கு சாயங்காலம் தெரியாத நம்பரில் இருந்து கால் வந்தால், தயவுசெய்து எடுங்க.