இழந்த விரலின் வலி

பழந்தமிழில் 'வலி' என்னும் சொல் வலிமையைக் குறித்தது. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் அதற்குச் சான்று. இன்று நோவையே வலி என்கிறோம். விரலை இழந்த தொழிலாளிக்கு முன்னது குறைந்து பின்னது மிகுகின்றது.

1964இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், பிரஸ் இயந்திரத்தில் விரல் சிக்குவது கண்ணிமைப் பொழுதில் நிகழ்வது. ஈ.எஸ்.ஐ. சட்ட அட்டவணை சுட்டுவிரல் முழுவதன் இழப்பை 14 விழுக்காடு என அளந்தது; வலிக்கு அதில் தனி வரியில்லை. புண் ஆறிய பின்னும் சட்டைத்துணி பட்டாலே மின்சாரம் தாக்கியதுபோல் துடிப்பவரை, 'நடிக்கிறார்' என்பாரும் உளர். அது நடிப்பன்று.

ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கைப் பக்கமாக இரண்டு முதன்மை உணர்வு நரம்புகள் உள்ளன. துண்டிக்கப்பட்ட நரம்பு மீண்டும் வளர முயல்கிறது. செல்ல வழியின்மையால் அதன் இழைகள் சுருண்டு முடிச்சாகின்றன. மருத்துவர் இதனை 'நியூரோமா' என்பர். எல்லா முடிச்சுகளும் வலிப்பதில்லை. தழும்பில் சிக்கியதும் அழுத்தம் படுமிடத்தில் அமைந்ததுமே பெரிதும் வலிக்கும்.

மருத்துவர் அவ்விடத்தைத் தட்டிப் பார்ப்பார். மரத்துப்போகும் ஊசியிட்டு வலி நீங்குகிறதா எனவும் ஆராய்வார். மருந்தும் பயிற்சியும் பயனளிக்காதபோது அறுவை மருத்துவம் உதவும். முடிச்சை நீக்கி, நரம்பின் நுனியை அழுத்தம் படாத எலும்பினுள்ளோ தசையினுள்ளோ புதைப்பது ஒரு முறை. நுனியைத் தசைக்குச் செல்லும் சிறு நரம்போடு இணைப்பதும், சிறு தசைத்துண்டால் பொதிவதும் புதிய முறைகள். வளரும் நரம்புக்குச் சேருமிடம் தருவதே இவற்றின் நோக்கம். எனினும் முடிச்சு மீண்டும் தோன்றுதலும் உண்டு.

மற்றொரு வலியும் உண்டு. இல்லாத விரலே வலிப்பதாகத் தோன்றும். மூளையில் அவ்விரலுக்குரிய இடம் அழியாமையால் இது நேர்கிறது என்பர். முடிச்சை நீக்குவதால் மட்டும் இது தீராமல் போகலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ்.இராமச்சந்திரன் 1990களில் கண்டறிந்த கண்ணாடிப் பயிற்சி சிலருக்குப் பயன்படுகிறது. நலமான கையின் பிம்பம், இழந்த உறுப்பு இருப்பதாக மூளைக்குக் காட்டுகிறது.

அதே ஸ்டான்லியில் மருத்துவர் இரா.வெங்கடசாமி கை அறுவை மருத்துவத்திற்கென ஒரு துறையை வளர்த்தார். எனவே தழும்பு ஆறி மாதங்கள் சென்றும் வலி நீடித்தால், அதனை மறைக்காது கை அறுவை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இல்லத்தாரும் மேற்பார்வையாளரும் அவ்வலியை மெய்யென ஏற்பார்களாயின், மருத்துவம் காலத்தே தொடங்கும்.