ஓடும் இரும்பு – 17: கிலோ கணக்கு

குழித்துறையாறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்தில் எடையைப் பற்றி யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கட்டுமரம் ஓட்டிய தலைமுறை கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து, மணலில் காயப்போடும். மென்மரம் தண்ணீரைக் குடித்துவிட்டால் மறுநாள் துடுப்புப் போடுகிறவர் தோளில்தான் அது தெரியும். 1980-களின் தொடக்கத்தில் இதே கரையில் கிழக்கே முட்டத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் மையத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜிலே பிளைவுட் வள்ளங்களை உருவாக்கினார். அங்கேயும் கணக்கு அதுதான்: மோட்டார் சின்னது, ஆகவே வள்ளம் லேசாக இருக்க வேண்டும். பிறகு வந்த பைபர் வள்ளங்களின் பின்னால் தொங்கிய அவுட்போர்டு மோட்டார்களில் சில யமஹா, சில சுசுகி.

அந்த சுசுகி, கரையில் ஓடுவதற்கும் ஒன்று கொடுத்திருந்தது.

1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி எடுத்துக் கொடுத்தார். அதுவரை இந்தியச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தவை இரும்பைத் தாராளமாகப் போட்டுச் செய்த கார்கள். அம்பாசடர் 1,100 கிலோவுக்கு மேல். பிரீமியர் பத்மினி 900 கிலோவை ஒட்டி. பத்மினியின் என்ஜின் 1,089 சிசி. அது கொடுத்தது சுமார் 40 குதிரைத்திறன். மாருதியின் மூன்று சிலிண்டர் என்ஜின் 796 சிசிதான். அதுவும் கொடுத்தது நாற்பதுக்குச் சற்றுக் குறைவாக. காகிதத்தில் பார்த்தால் மாருதிக்கு எந்த அனுகூலமும் இல்லை. ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் பத்மினி பின்னால் நின்றது. மாருதி 650 கிலோவை ஒட்டிய கார் என்பதுதான் பெரும் காரணம். புது என்ஜின், புது கியர்பாக்ஸ் என்று பலர் பல காரணம் சொன்னார்கள். அவற்றிலும் உண்மை உண்டு. இருந்தாலும் இருநூற்றைம்பது கிலோவைக் குறைத்ததுபோல் வேறு எதுவும் வேலை செய்யவில்லை.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து புதுக்கடை வழியாக மார்த்தாண்டத்துக்குப் போகும் சாலை இந்தக் கணக்கைச் செய்துபார்க்க நல்ல இடம். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்து நிலம் தட்டையானது அல்ல. ஒரு மேடு ஏறினால் ஒரு பள்ளம் காத்திருக்கும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 65 கிலோ ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்த மாருதி 800-ஐ மணிக்கு 40 கிலோமீட்டரில் அதில் ஏற்ற, உயரத்துக்காக மட்டுமே சுமார் பத்தரைக் குதிரைத்திறன் வேண்டும். அதே எடையில் இன்னும் மூன்று பேர் ஏறிக்கொண்டால் அது பதின்மூன்றைத் தாண்டும். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் ஏ.சி.க்கும் போவது தனி. சின்ன காரில் ஆளே பெரிய சுமை: நான்கு பேர் சேர்ந்தால் 260 கிலோ, அதாவது காரின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன் என்று பார்க்கும் வழக்கப்படி, தனியாகப் போகும்போது 52 ஆக இருப்பது, குடும்பத்தோடு போகும்போது 41-க்கு இறங்கிவிடும். பெரிய எஸ்யூவி ஓட்டுகிறவருக்கு இந்த வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியாது. 800 ஓட்டியவர்களோ ஏற்றத்தில் ஏ.சி.யை அணைக்கக் கை தானாகப் போவதை அறிவார்கள்.

இதைத் திருப்பிப் போட்டாலும் கணக்கு சரியாகவே வரும். ஓட்டுநரோடு 715 கிலோ உள்ள காரிலிருந்து 50 கிலோவை இறக்கிவிட்டால், ஏறத்தாழ மூன்று குதிரைத்திறன் கூட்டிய பலன் கிடைக்கிறது. என்ஜினைக் கழற்றி, தலையை மெஷினிங் செய்து, கார்பரேட்டரை மாற்றி மூன்று குதிரைத்திறன் தேடுவதற்கு ஆகும் செலவு பழைய 800-இன் இன்றைய விலையைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. தவிர, கூட்டிய குதிரைத்திறன் வேகமெடுக்க மட்டுமே உதவும். குறைத்த கிலோ பிரேக்கிலும், வளைவிலும், டயர் தேய்மானத்திலும், பெட்ரோல் பங்க்கிலும் உதவும்.

ஐரோப்பா இதை 1964 ஜனவரியில் ஒரு ராலியில் பார்த்தது. மான்டி கார்லோ ராலியில் வி-8 என்ஜின் பூட்டிய அமெரிக்க ஃபோர்டு ஃபால்கன்களோடு 1,071 சிசி மினி கூப்பர் எஸ் மோதியது. பனி மூடிய ஆல்ப்ஸ் வளைவுகளில் பேடி ஹாப்கிர்க் ஓட்டிய அந்தக் குட்டிக் கார் வென்றது. அன்றைய மதிப்பெண் முறை சிறிய என்ஜின்களுக்குச் சாதகமாக இருந்ததையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 1965-லும் 1967-லும் மினியே வென்றது. அதன் எடையும் நம்ம ஊர் 800-ஐ ஒட்டித்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தவர் கோவையின் எஸ். கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. சோழவரத்தில் கார் ஓட்டியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் நடந்த சோழவரம் பந்தயங்களைப் பார்க்கச் சென்னையே திரண்டு போன காலம் அது. சாலையில் ஓடும் ஃபியட்டையும் ஹெரால்டையும் சீட்டு, பம்பர், விரிப்பு எல்லாம் கழற்றிப் பந்தயத்துக்கு அனுப்புவார்கள். எவ்வளவு கழற்றினாலும் அது கதவும் கூரையும் டிக்கியும் உள்ள வீட்டுக் கார்தான். கரிவர்தன் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினார். காரிலிருந்து தேவையில்லாததை எடுப்பதற்குப் பதில், மாருதி 800-இலிருந்து தேவையானதை மட்டும் எடுத்தார். என்ஜின், கியர்பாக்ஸ் போன்றவை மாருதியிலிருந்து வந்தன; மற்றபடி இரும்புக் குழாய்களை வெல்டு செய்த கூடு, மேலே ஃபைபர் உடல், ஒரே ஒரு இருக்கை, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் என்ஜின். 1980-களின் பிற்பகுதியில் பிறந்த இந்த ஃபார்முலா மாருதி, மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும் காரின் என்ஜினையே பந்தயத்துக்குக் கொண்டுவந்தது.

இதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். இறக்குமதி வரி கட்டிக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் இளைஞர்கள் பலர் ஒற்றை இருக்கைக் காரில் உட்கார முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டிப் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1-இல் நுழைந்த முதல் இந்தியரானார். கருண் சந்தோக்கும் இந்தப் படியில் ஏறி வந்தவர்தான். கரிவர்தன் அதைப் பார்க்க இல்லை. 1995-இல் வானூர்தி விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்திலுள்ள 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

சரி, பந்தயத்துக்குப் போகாத, டிஎன் 75 நம்பர் போட்ட பழைய 800 ஒன்று வாசலில் நிற்கிறது. அதில் எதைக் குறைப்பது?

பெரும்பாலோர் குறைப்பதாக நினைத்துக் கூட்டுகிறார்கள். முன்னால் இரும்பு பம்பர் கார்டு, டிக்கியில் ஊஃபர் பெட்டி, பார்வைக்குப் பெரிய அலாய் வீல். அலாய் என்றால் லேசு என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. ஒரே அளவில் ஒப்பிட்டால் நல்ல அலாய் லேசாக இருக்கலாம். பன்னிரண்டு அங்குலத்தை எடுத்துவிட்டுப் பதின்மூன்று, பதினான்கு போட்டால், டயரோடு சேர்ந்து எடை ஏறுவதே வழக்கம். சக்கரத்தின் எடைதான் மிக மோசமான எடை. வண்டியோடு முன்னால் போக வேண்டியதோடு, தன்னைத்தானே சுற்றவும் வேண்டும். டயரின் ஓரத்தில் ஏறும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு கிலோவாகக் கனக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் குழியில் விழுந்து எழவும் தாமதமாகும். தமிழ்நாட்டின் ரப்பர் பெரும்பாலும் விளையும் மாவட்டத்தில் டயரைப் பற்றி இவ்வளவு அலட்சியம் கூடாது: கம்பெனி சொன்ன அளவில் நல்ல டயர், சரியான காற்று. வேகத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

அடுத்தது டிக்கி. திறந்து பார்த்தால் பழைய ஜாக்கி, இரண்டு கேன் தண்ணீர், எப்போதோ வாங்கிய கயிறு, அரை மூட்டை எதுவோ. இதில் இருபது கிலோ சாதாரணமாகப் போகும். முழு டாங்க் பெட்ரோல் ஏறக்குறைய இருபது கிலோ. உள்ளூரில் சுற்றுகிறவர் பாதி டாங்க்கோடு சுற்றலாம். ஸ்டெப்னி பத்து கிலோ அளவில் வரும். ஆனால் அதை எடுத்துவிட்டு இரவில் பங்க்சரானால் வழியில் நிற்க வேண்டியதுதான். பின் சீட்டைக் கழற்றுவதில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. 800-இல் என்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால். பின்பக்கம் மேலும் லேசாகிவிட்டால், ஓங்கி பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் சுழலும். மழை பெய்த சாலையில் இது விளையாட்டல்ல.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து, கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பு மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. பம்பர் கார்டுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதைக் கழற்றினால் எடையும் குறையும், சட்டமும் பிழைக்கும்.

கழற்றக்கூடாத கிலோக்களும் உண்டு. 2009-இல் விற்பனைக்கு வந்த டாடா நானோ அறுநூறு கிலோவை ஒட்டிய கார். ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்று நட், திறக்க முடியாத டிக்கி என்று ஒவ்வொரு கிராமையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். அங்கே எடை குறைந்தது வேகத்துக்காக அல்ல, விலைக்காக. 2014-இல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது நானோவுக்குக் கிடைத்தது பூஜ்யம். அன்று சோதித்த மற்ற சில சின்ன கார்களுக்கும் அதுவே. அதன்பின் மோதல் விதிகள் வந்தன, ஏர்பேக் வந்தது, எடையும் ஏறியிருக்க வேண்டும். ஆனால் 2018 ஸ்விஃப்ட் முந்தைய ஸ்விஃப்ட்டைவிட லேசானது. வலு அதிகமான எஃகைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் மெல்லிய தகடாகப் போட்டதில் கிடைத்த லாபம் அது. கிரைண்டர் எடுத்துக் கதவுச் சட்டத்தை அறுக்கும் ஒர்க்‌ஷாப்பால் அந்த லாபத்தைத் தர முடியாது.

மோகம் அடங்காதவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும் இருக்கின்றன. அங்கே சீட்டு, விரிப்பு, கதவு உள்தகடு எல்லாம் கழற்றலாம். பிறகு விதிப்படி ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் குழாயில் ஒரு கூண்டு வெல்டு செய்ய வேண்டும். அது முப்பது, நாற்பது கிலோ வரும்.