'டக்' என்று விடுபடும் காந்தம்

2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவையில் வளர்ந்தவர். எட்டாம் வகுப்புக் காந்தவியலை அவரிடமிருந்தே தொடங்கினேன்.

கணினிப் பந்தய ஸ்டியரிங்கின் பின்னால் கியர் மாற்ற இரு பேடில்கள் இருக்கும். உள்ளே சுருள்வில் மட்டும் இருந்தால், இழுக்க இழுக்க விசை கூடும். கியர் விழுந்தது விரலுக்குத் தெளிவாகத் தெரியாது. அதனால் சிலர் சிறு நியோடிமியம் காந்தங்களைப் பொருத்துகிறார்கள். ஒட்டியிருக்கும்போதுதான் ஈர்ப்பு மிக அதிகம். சற்று விலகினாலே சட்டென்று குறையும். பேடில் 'டக்' என்று விடுபடும்.

அட்டையில் மாதிரி செய்தேன். காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளின! வகுப்பே சிரித்தது. வாயே திறக்காத மாணவி ஒருத்தி, "ஒண்ணைத் திருப்பி ஒட்டுங்க சார்" என்றாள். 'டக்' கேட்டது. மறுநாள் காந்தங்களுக்கு நடுவே தாள்களைச் செருகி, எத்தனையாவது தாளில் பிடி தளர்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.